பட்டியலில் இல்லாதவர்கள்



தவக்காலம் தொடங்கிவிட்டது. போன இதழில் கிறிஸ்துமஸ் அன்பளிப்புச் செய்திகளைப் படங்களோடு பக்கம் பக்கமாகப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுக் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் போகும் ஆலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை தொடங்கிய பிறகு மியான்மர் குடும்பம் ஒன்று வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். அதே பெஞ்சில் இருந்த நம்மவர்கள் இரண்டு பேர் எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டார்கள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கடைசிப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு யார் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றதாம். "டிசம்பரில் முப்பது குடும்பத்துக்கு அரிசி பருப்பு கொடுத்த பங்குதான் ஐயா இது. இதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

கடிதப் பகுதியிலேயே நாலு வரி பதில் போட்டு முடித்துவிடலாம் என்றார் துணை ஆசிரியர். எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா கேட்டது நம் எல்லாரையும் பார்த்துக் கேட்ட கேள்வி. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்கே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மக்கள் கைச்சுருக்கம் உள்ளவர்கள் இல்லை. டிசம்பர் வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த அன்பு இல்லத்தின் வாசலிலும் கார் நிறுத்த இடம் இருக்காது. ஒரே நாளில் மூன்று குழு வரும். கேக்குக்கு மேல் கேக். பிள்ளைகளும் பாவம், ஒவ்வொரு குழுவுக்கும் அதே பாட்டைப் பாடி, அதே மாதிரி சிரித்துப் படத்துக்கு நிற்கும். பிப்ரவரியில் அதே இல்லத்துக்குப் போன் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் தீர்ந்திருக்கும். டயாலிசிஸுக்கு ஒரு பாட்டியை வாரம் மூன்று முறை கூட்டிப்போக வேன் ஓட்டுகிறவர் கிடைத்திருக்க மாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லங்களை நடத்துகிறவர்களே சிரித்துக்கொண்டு சொல்வதுதான். ஆனால் வாசகியின் கடிதம் இதற்கும் ஒரு படி அப்பால் போகிறது. நாம் கொடுக்கிற இடமெல்லாம் முன்பே நம் பட்டியலில் ஏறிய இடம். பட்டியலில் இல்லாத ஒருவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்கிறோம் என்பதுதான் அவர் கேட்பது.

லூக்கா நற்செய்தியில் ஒரு சட்ட வல்லுநர் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்கிறார். தன் அயலான் யார் என்று தெரிய வேண்டும் அவருக்கு. சட்டம் படித்தவர் இல்லையா, எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று பார்க்கிறார். இயேசு பட்டியல் எதுவும் கொடுக்காமல் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதையைச் சொல்கிறார். குருவும் லேவியரும் விலகிப் போக, யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன் நிற்கிறான். மறையுரைகளில் நூறு தடவை கேட்ட கதை. எனக்கு அதில் பிடித்தது கணக்கு வழக்குதான். காயத்துக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்க்கிறான். தன் மிருகத்தில் ஏற்றுகிறான். சாவடியில் இரவு முழுவதும் உடனிருக்கிறான். காலையில் இரண்டு நாள் கூலியைச் சாவடிக்காரனிடம் முன்பணமாகக் கொடுத்து, மேற்கொண்டு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். நம் ஊரில் என்றால், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வார்டில் சேர்க்குமுன் கேட்கும் முன்பணத்தைத் தன் கையிலிருந்து கட்டி, மிச்சத்துக்குத் தன் போன் நம்பரைக் கவுண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி. மனம் இளகினான் என்பதோடு கதை நிற்கவில்லை. ரசீது வரைக்கும் போகிறது.

இந்த நாட்டில் நாமே பட்டியலில் இல்லாதவர்களாக வந்து இறங்கியவர்கள்தான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கால் வைத்தது போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில். அந்தத் துறைமுகம் 1901இல் திறந்த கையோடு மலேரியாவில் ஆட்கள் சாய்ந்த வேகத்தைப் பார்த்து, மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் கிள்ளானும் துறைமுகமும் பிழைத்தன. கப்பலிலிருந்து இறங்கியவர்களை நேரே தோட்டத்துக்கு விட மாட்டார்கள். தொற்றுக்காப்பு முகாமில் நாள் கணக்கில் அடைத்து வைப்பார்கள். பிறகு லயத்து வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால்மரம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்திருக்கிறீர்களா? கூலி உயர்வோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது என்பது. காசைவிட அது பெரிய கோரிக்கை என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் கடல் கடந்து போன நம் மக்களுக்காகப் பேச வந்தவர்களில் ஒருவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ். ஆங்கிலேயர், ஆங்கிலிக்கன் குருவாக இந்தியாவுக்கு வந்தவர், காந்தியின் நண்பர். 1915இல் ஃபிஜித் தீவுக்குப் போய், கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகள் பட்ட பாட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். வெள்ளைக்கார முதலாளிகளுக்கு எதிராகவே எழுதினார். 1920இன் தொடக்கத்தில் ஃபிஜியில் ஒப்பந்த முறை ஒழிந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. தீனபந்து என்று மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவருக்கு அங்கே உறவும் இல்லை, ஊரும் இல்லை, மொழியும் இல்லை.

இப்போது ஆள் மாறியிருக்கிறது. இடம் அப்படியே இருக்கிறது. கிள்ளானில் மேரு பக்கம் போனால் தெரியும். 2020 நவம்பரில் தெராதாய் கோவிட் தொற்றுத் திரள் என்று தினமும் செய்தியில் வந்ததே, அது கையுறை ஆலைத் தொழிலாளர் விடுதிகளில் கிளம்பியது. உலகம் முழுவதற்கும் நோய்க்காப்புக் கையுறை செய்து கொடுத்தவர்கள், நேப்பாளிகளும் வங்காளதேசிகளும், ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் நெருக்கிப் படுத்திருந்தார்கள். நோய் அங்கே பரவாமல் வேறு எங்கே பரவும்? அதே ஆண்டு மே முதல் தேதி, உலகமே தொழிலாளர் தினம் கொண்டாடும் நாளில், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த அடுக்குமாடிகளில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு பரிசோதனைக்கு வா என்று கூப்பிட்டால் எவர் வருவார்? அகதிகள் விஷயம் இன்னும் சிக்கல். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அட்டை இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியாது. வாசகியின் கடிதத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றதே ஒரு பிள்ளை, அது எங்கே படிக்கிறது என்று அந்தப் பெஞ்சில் யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். செந்தூலில் போதகர் எலிஷா சத்விந்தரும் அவர் மனைவி பெட்ரினாவும் 1998இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டிக்னிட்டி கல்வி நிலையத்தில் இன்று அகதிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். 1979இல் தொடங்கிய மலேசியன் கேர் அமைப்பு சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்காக இன்னும் வேலை செய்கிறது. பெட்டாலிங் ஜெயா வெறும் செம்மண் மேடாக இருந்த 1954இலேயே பிரான்சிஸ்கன் சகோதரிகள் அங்கே மருந்தகம் திறந்தார்கள். அதுதான் பிறகு அசுந்தா மருத்துவமனை ஆனது.

ஆனால் இன்று நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது ஒரே ஒருவரைப் பற்றி. ஐரின் பெர்னாண்டஸ்.

நம் இளைய வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். 1946இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஐரின் படித்து ஆசிரியை ஆனார். அந்தத் தலைமுறையில் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆசிரியை வேலை என்றால் குடும்பமே தலைநிமிரும். மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை. 1970இல் அதை விட்டுவிட்டார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தோடு சேர்ந்து, ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சந்திக்கப் போனார். பெல்ஜியத்துக் குரு ஜோசப் கார்டைன் தொடங்கிய இயக்கம் அது. முதலில் கண்ணால் பார், பிறகு நற்செய்தியை வைத்து எடை போடு, அதன் பிறகு காரியத்தில் இறங்கு என்பது அவர்கள் பாடம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது படியில் உட்கார்ந்து நல்ல நல்ல கலந்துரையாடல் நடத்திவிட்டு, டீ குடித்துக் கலைகிறோம். ஐரின் மூன்றாவது படியில் வாழ்ந்தவர்.

துணி ஆலைப் பெண்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கத் துணை நின்றார். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக வேலை செய்தார். 1991இல் தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்த நம் பெண்களின் நிலைமையை அந்த அமைப்பு ஆராய்ந்து வெளியிட்டது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், மூக்கில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பாராகுவாட் அடித்த பெண்கள் அவர்கள். நகம் கழன்று விழும், கண் எரியும், மூக்கிலிருந்து ரத்தம் வரும். நம் அத்தைகளும் பெரியம்மாக்களும் அதைச் சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். அந்த மருந்துக்கு 2002இல் தடை வந்து, 2006இல் தடை நீங்கி, கடைசியில் 2020இல்தான் முழுத் தடை வந்தது.

இதுவரைக்கும் சொன்னது நம்மவர்களுக்காகச் செய்தது. இதோடு நின்றிருந்தால் இன்று தெருவுக்குத் தெரு அவருக்குப் பாராட்டு விழா நடந்திருக்கும். 1995இல் அவர் செய்ததுதான் அவரைப் பட்டியலுக்கு வெளியே கொண்டுபோனது. சிலாங்கூர் செமினியில் குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாம் ஒன்று இருந்தது. ஒரு நாளிதழின் நிருபர்கள், பின்னாளில் மலேசியாகினியைத் தொடங்கிய ஸ்டீவன் கான் தலைமையில், அந்த முகாமில் 59 பேர் செத்துப்போனதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோர் வங்காளதேசிகள். டைபாய்டும் பெரிபெரியும் காரணம். பெரிபெரி என்றால் என்ன? சாப்பாட்டில் சத்து இல்லாமல் வருகிற நோய். பத்து வெள்ளி மாத்திரையில் சரியாகிற நோயில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். செய்தியைப் பத்திரிகை போடவில்லை. நிருபர்கள் விவரத்தை ஐரினிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் அதோடு தம் அமைப்பினர் பேட்டி எடுத்த முன்னூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்து அறிக்கையாக வெளியிட்டார்.

1996 மார்ச்சில் கைதானார். பொய்ச் செய்தியைத் தீய நோக்கத்தோடு வெளியிட்டார் என்று அச்சக, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஏழு ஆண்டு நடந்தது அந்த வழக்கு. மலேசிய நீதிமன்ற வரலாற்றிலேயே நீண்ட விசாரணைகளில் ஒன்று என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். 2003 அக்டோபரில் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு, ஜாமீன், பாஸ்போர்ட் நீதிமன்றத்தின் கையில். 2005இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. 2008 நவம்பர் 24ஆம் தேதி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆக மொத்தம் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல். 2014 மார்ச் 31ஆம் தேதி காலமானார்.

கணக்குப் பார்த்தால் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து மேல்நிலைப் பள்ளியை முடிக்கிற காலம் அது. அத்தனை காலமும் நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தது யாருக்காக? பெயர்கூடத் தெரியாத வங்காளதேசிகளுக்காக. அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களில் யாரும் ஐரினுக்கு ஓட்டுப் போடப் போவதில்லை, பங்குக்கு நன்கொடை தரப் போவதில்லை. செத்தவர்கள் நன்றி சொல்லவும் முடியாது. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் தீர்ப்பு நாளில் கேட்கப்படும் ஆறு காரியங்களில் அந்நியரை ஏற்றுக்கொண்டதும் சிறையில் இருப்பவரைத் தேடிப் போனதும் உண்டு. ஐரின் ஒரே அறிக்கையில் இரண்டையும் செய்துவிட்டார். கிறிஸ்தவ அன்பு என்றால் சாந்தமாக, சத்தமில்லாமல், யாருக்கும் சங்கடம் தராமல் இருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். அடிபட்டவனைத் தூக்குவதோடு, அந்தப் பாதையில் யார் அடிக்கிறார்கள் என்று கேட்பதும் அன்புதான் என்பது என் கட்சி. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், போடுகிறேன்.

எல்லாரும் ஐரின் ஆக முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தினமும் நடக்கிற ஒரு சின்னக் காரியத்தைச் சொல்கிறேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அதன் வளாகம் அங்கேதான் இருக்கிறது. தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் வரிசையாக உண்டு. ஆகவே வெள்ளைக் கோல் பிடித்தவர்கள் துன் சம்பந்தன் சாலையைக் கடக்கக் காத்திருப்பதை எந்த நேரமும் பார்க்கலாம். நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கோட்டுக் கல்லின் மேல்தான் நம் ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள், பூக்கடைக்காரர் வாளியை வைப்பார். அதைத் தனியாக ஒரு இதழில் திட்டிக்கொள்கிறேன்.

வெள்ளைக் கோல் பிடித்த ஒருவருக்கு உதவப் போகிறவர் என்ன செய்வார்? ஓடிவந்து கோல் பிடித்த கையை இறுக்கிப் பிடித்து, "வாங்க அங்கிள், வாங்க" என்று இழுத்துக்கொண்டு போவார். அவருக்கோ கோல்தான் கண். அதைப் பிடித்தால் கண்ணைக் கட்டிய மாதிரி. சில சமயம் அவர் சாலையைக் கடக்கவே நின்றிருக்க மாட்டார்; பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த முகத்தோடு நம்மவர் போய்விடுவார். சரியான முறை வேறு. முதலில் பேச வேண்டும்: உதவி வேண்டுமா, எங்கே போகிறீர்கள்? வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் கைப்புறம் லேசாகத் தொடுமாறு நீட்ட வேண்டும். அவர் பிடித்துக்கொள்வார். நாம் அரை அடி முன்னால் நடந்தால் போதும், படி ஏறுவதும் இறங்குவதும் நம் தோள் அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பிடிப்பதும் விடுவதும் அவர் கையில் இருக்கிறது. உதவுகிறவர் கையில் இல்லை. கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதைப் பழகிப் பார்க்க வேண்டும் என்பேன்.

வின்சென்ட் தே பவுல் சபையினர் நம் பங்குகள் பலவற்றில் சத்தமில்லாமல் வேலை செய்வதற்கும் இந்தக் கேட்டுச் செய்கிற பழக்கம்தான் காரணம். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுச் சட்ட மாணவர் தொடங்கியது. உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறது என்று கூடப் படித்தவன் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல வாதம் தேடாமல், தோழனோடு சேர்ந்து குளிருக்கு வைத்திருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குக் கொண்டுபோனார் ஓசானாம். இன்றும் அவர்கள் இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட்டத்தில் ஒரு பை கைமாறும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உதவி பெற்றவர் பெயர் வெளியே வராது.

2021 ஜூன் கடைசியில் நடமாட்டக் கட்டுப்பாட்டில் நாடு முடங்கிக் கிடந்தபோது, வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், நாங்கள் வருகிறோம் என்று ஓர் இயக்கம் கிளம்பியது நினைவிருக்கும். எத்தனையோ அடுக்குமாடிகளில் வெள்ளைத் துணி தொங்கியது. பார்த்தவர்கள் மதம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரை மட்டத்துக்கு ஏறியபோது குருத்துவாராக்களில் விடிய விடியச் சமைத்தார்கள். கோயில்களிலும் ஆலயங்களிலும் பொட்டலம் கட்டினார்கள். சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கூரையில் நின்றவர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாரா என்று எந்தப் படகுக்காரரும் விசாரிக்கவில்லை. வெள்ளத்தில் நமக்கு வருகிற இந்தப் புத்தி, ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சில் ஏன் வரவில்லை என்பதுதான் கிள்ளான் அம்மாவின் கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதில் சுருக்கமானது: அந்த இருவர் எழுந்து போனது தவறு. மற்றவர்கள் அந்தக் காலியான இடத்துக்கு நகர்ந்து உட்காராமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு.

இனி ஆசிரியர் குழு எடுத்த முடிவு ஒன்று. இந்த இதழிலிருந்து, உதவி பெறுகிறவர்களின் முகம் தெரியும் படங்களை நாம் போடப் போவதில்லை. அரிசி மூட்டையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பாட்டி தலைகுனிந்து நிற்கும் படங்களை அனுப்ப வேண்டாம். பங்கு மன்றத் தலைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செய்தியைப் போடுவோம், செய்தவர்களைப் பாராட்டுவோம். அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் நம் இதழைப் பார்க்கக்கூடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தவக்காலத்துக்கு உங்கள் பி.இ.சி. என்னும் அன்பியக் கூட்டத்தில் என்ன செய்யலாம் என்று பேசுவீர்கள். இந்த முறை புதுப் பட்டியல் எதுவும் போட வேண்டாம். உங்கள் புளோக்கில், உங்கள் தாமானில், நீங்கள் சாப்பிடும் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களில், இதுவரை யாரிடமும் பேசாத ஒருவரிடம் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். சம்பளம் வருகிறதா, பெர்மிட் யார் கையில் இருக்கிறது, பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். பதிலில் உங்களால் முடிந்தது இருந்தால் செய்யுங்கள். முடியாதது இருந்தால், முடிகிறவர்களிடம் கூட்டிப்போங்கள். செய்ததை, செய்ய முடியாமல் போனதையும், எங்களுக்கு எழுதுங்கள். பெயரும் படமும் வேண்டாம். பாஸ்கா இதழில் அந்தக் கடிதங்களுக்கு நாலு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்